நொறுங்கும் குண்டும் மென்மையான லோடும்: இலக்குப் பிஸ்டலுக்கான எளிய விளக்கம்

இலக்குப் பயிற்சிக்கான தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்பவர்களிடையே இரண்டு கருத்துகள் அடிக்கடி காதில் விழும். எஃகில் பட்டதும் பொடியாகிவிடும் குண்டைப் பயன்படுத்தினால் ஆபத்து குறைவு என்பது ஒன்று. வெடிமருந்தைக் குறைத்துப் போட்டால் அழுத்தமும் குறையும், ஆகவே அதுவும் பாதுகாப்பானதே என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே தோட்டாவில் சேர்க்கும்போது, சொல்லாமல் விட்ட மறுபாதி வந்து குறுக்கே நிற்கிறது. நொறுங்கும் குண்டு நொறுங்குவதற்கு வேகம் தேவை. மென்மையான லோடோ, அதாவது மருந்தைக் குறைத்து நிரப்பும் முறையோ, அந்த வேகத்தைத்தான் குறைக்கிறது. இந்த இழுபறியைப் புரிந்துகொள்வதற்குத் தேவையான அளவு இயற்பியலை மட்டும் இக்கட்டுரை விளக்குகிறது. மருந்தின் அளவுகள் எதுவும் இதில் இல்லை; அவற்றை மருந்து தயாரிப்பாளரும் குண்டு தயாரிப்பாளரும் வெளியிடும் கையேடுகளிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். தோட்டா நிரப்புவதற்கான சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடும்; பல நாடுகளில் உரிமம் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது.

ஒரு தோட்டாவுக்குள் நடப்பது

தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருத்தப்பட்ட பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகப்பட்ட குண்டு. சுடுமுள் பிரைமரைத் தட்டியதும் அது பொறியைக் கக்கி மருந்தைப் பற்றவைக்கிறது. பற்றிய மருந்து வாயுவாக மாறிக் குண்டைக் குழல் வழியாகத் தள்ளுகிறது. இவ்வளவும் பள்ளிப் பாடம் போல எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தெரியாமல் போவது அடுத்த செய்தி. புகையற்ற மருந்து என்பது ஒரே நொடியில் வெடித்துச் சிதறும் பொருள் அன்று. அது எரியும் பொருள். அது எந்த வேகத்தில் எரியும் என்பது அதைச் சுற்றியுள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் கூடினால் எரியும் வேகம் கூடுகிறது. எரியும் வேகம் கூடினால் அழுத்தம் மேலும் கூடுகிறது. இந்தச் சுழற்சியின் காரணமாகத்தான் கூட்டுக்குள் இடம் சிறிதளவு குறைந்தாலும் அழுத்தம் அதே விகிதத்தில் நிற்காமல் அதைவிட வேகமாக ஏறுகிறது. இச்சுழற்சி எதிர்த்திசையிலும் இயங்கும்: அழுத்தம் போதாவிட்டால் மருந்து சோம்பி எரியும், சில மருந்து மணிகள் எரியாமலே குழலுக்குள் தங்கிவிடும், குண்டுக்குக் கிடைக்கும் வேகம் ஒவ்வொரு சூட்டுக்கும் மாறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே கூட்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை மருந்தின் எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. மருந்தின் வகை, குண்டு விட்டுவைக்கும் இடம், குண்டு நகர்வதற்குக் காட்டும் எதிர்ப்பு ஆகியவையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இனி வருபவை எளிதாகும்.

நொறுங்கும் குண்டு எப்படி நொறுங்குகிறது

வழக்கமான பிஸ்டல் குண்டு ஈயத்தால் ஆனது. பல சமயம் அதன்மேல் மெல்லிய செம்பு உறை இருக்கும். நொறுங்கும் குண்டு, அதாவது ஃபிராஞ்சிபிள் குண்டு, முழு உலோகத்தால் வார்க்கப்படுவதில்லை. செம்புத்தூளைத் தகரத்தோடு கலந்து, அச்சில் அழுத்தி, உருகாத அளவுக்குச் சூடாக்கித் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறார்கள். இப்படித் தூளைச் சூட்டால் இறுக்குவதற்குச் சின்டரிங் என்று பெயர். வேறு சில வகைகளில் தகரத்துக்குப் பதிலாக நைலான் போன்ற பிளாஸ்டிக் பொருள் பசையாக நின்று தூளைப் பிணைக்கிறது. எந்த வகையானாலும் குண்டுக்குள் துகள்களும் அவற்றைப் பிடித்திருக்கும் மெல்லிய பிணைப்புகளும்தான் இருக்கின்றன. அமுக்கினால் தாங்கும், திடீர் அடியைத் தாங்காது.

காய்ந்த மண்ணாங்கட்டியை நினைத்துப் பாருங்கள். அதை ஓங்கிக் கருங்கல் சுவரில் எறிந்தால் தூள்தூளாகச் சிதறும். அதே வேகத்தில் வைக்கோற்போரில் எறிந்தால் உடையாமல் உள்ளே போய்ப் புதையும். கல்லிலேயே மெல்ல எறிந்தால் இரண்டு துண்டாகப் பிளந்து காலடியில் உருளும். நொறுங்கும் குண்டும் இந்த மூன்றையும் செய்யும். மக்கள் நினைவில் வைத்திருப்பது முதலாவதை மட்டும்தான்.

இரண்டாவதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் ஆபத்தான தவறான எண்ணம் இருக்கிறது. நொறுங்கும் குண்டு தன்னைவிடக் கடினமான பரப்பில் மோதும்போது நொறுங்குவதற்காக வடிவமைக்கப்பட்டது. மரம், அட்டை, உள்சுவர்ப் பலகை, தசை போன்ற மென்மையான பொருள்களில் அது பெரும்பாலும் முழுக் குண்டாகவே ஊடுருவும். காற்றில் தானாக உதிர்ந்து போவதும் இல்லை. துப்பாக்கிச் சூட்டின் அடிப்படைப் பாதுகாப்பு விதிகளில் ஒன்றுகூட இந்தக் குண்டுக்காகத் தளர்வதில்லை. இதைப் ‘பாதுகாப்பான குண்டு’ என்று சுருக்கிச் சொல்வதை நான் ஏற்பதில்லை; ‘எஃகு இலக்குக்கேற்ற குண்டு’ என்றால் சரியாக இருக்கும்.

எஃகு இலக்கில் அதன் பயன் மெய்யானது. ஈயக் குண்டு எஃகுத் தகட்டில் பட்டால் தட்டையாகி, தகட்டின் முகத்தை ஒட்டிப் பக்கவாட்டில் துண்டுதுண்டாகச் சிதறும். தகடு குழிவிழுந்தோ வளைந்தோ இருந்தால் அத்துண்டுகள் சுடுபவரை நோக்கியே திரும்பலாம். இந்த அச்சத்தினால்தான் பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடும் போட்டி அமைப்பான ஐபிஎஸ்சியின் விதிகள் உலோக இலக்குக்கும் சுடுபவருக்கும் இடையில் குறைந்தது 7 மீட்டர் இருக்க வேண்டும் என்கின்றன. நொறுங்கும் குண்டு சரியாக நொறுங்கினால் திரும்பி வருவது பெரும்பாலும் கனமற்ற தூளும் சிறு துகளுமே. அவை காற்றில் விரைவாக வேகம் இழந்துவிடும். அப்போதும் கண்ணாடி அணியாமல் நிற்கக் கூடாது.

இந்த எண்ணம் புதியதும் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவ விமானப்படை, குண்டுவீச்சு விமானங்களின் துப்பாக்கி வீரர்களுக்கு உயிருள்ள விமானியோடு பறக்கும் மெய்யான விமானத்தையே இலக்காகத் தந்து பயிற்சி அளித்தது. பெல் நிறுவனத்தின் பி-63 விமானத்துக்குக் கூடுதல் கவசம் பூட்டி, ஆர்பி-63 என்று பெயரிட்டு, ஈயத்தூளையும் பேக்கலைட் என்ற பிளாஸ்டிக்கையும் சேர்த்து அழுத்திய குண்டுகளால் அதைச் சுட்டார்கள். குண்டு பட்டால் விமானத்தின் மூக்கில் விளக்கு எரியும். அந்தத் தோட்டாவில் குண்டு நொறுங்கக்கூடியதாக இருந்ததோடு, வேகமும் வழக்கமான போர்த் தோட்டாவைவிட நன்றாகக் குறைக்கப்பட்டிருந்தது. நாம் பேசும் சேர்க்கையை, நொறுங்கும் குண்டும் மென்மையான லோடும், அன்றே செய்து பார்த்துவிட்டார்கள் என்று சொல்லலாம். ஆனால் அவர்களுடைய குண்டும் வேகமும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு சேர்த்தே உருவாக்கப்பட்டவை. கடையில் கிடைக்கும் குண்டை வாங்கி வேகத்தை மட்டும் குறைப்பவருக்கு அந்த வசதி இல்லை.

எடை குறைவு, நீளம் அதிகம்

குண்டின் எடையைக் கிரெய்ன் என்ற அலகில் சொல்வது வழக்கம். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். 9 மி.மீ. லூகர் தோட்டாவுக்குப் பொதுவாகக் கிடைக்கும் ஈயக் குண்டுகள் 115, 124, 147 கிரெய்ன் எடை கொண்டவை. அதே தோட்டாவுக்கான நொறுங்கும் குண்டுகள் பெரும்பாலும் 100 கிரெய்னை ஒட்டியே இருக்கும். இந்த எண்ணைப் பார்த்தவுடன், “எடை குறைந்த குண்டு, ஆகவே சிறிய குண்டு” என்று மனம் முடிவு கட்டிவிடும். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். முழுச் செம்பின் அடர்த்தி 8.96, தகரத்தின் அடர்த்தி 7.3. தூளை அழுத்திச் செய்த குண்டில் நுண்ணிய வெற்றிடங்களும் இருப்பதால் அதன் அடர்த்தி முழுச் செம்பைவிடவும் குறைவு. கணக்குக்காக அதை 7.5 என்று கொள்வோம். 9 மி.மீ. குண்டின் விட்டம் சுமார் 9.02 மி.மீ. குண்டை ஒரு நேர் உருளையாகக் கருதினால், 100 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 6.5 கிராம் எடைக்கு, ஈயத்தில் 9 மி.மீ. நீளம் போதும், தூள் குண்டிலோ 13.6 மி.மீ. வேண்டும். 124 கிரெய்ன் ஈயக் குண்டுக்குக்கூட இதே கணக்கில் 11.1 மி.மீ. தான் வருகிறது. மூக்கின் வளைவால் உண்மையான நீளங்கள் மாறும். ஆனாலும் எடையில் இலேசான குண்டு நீளத்தில் தன்னைவிடக் கனமான ஈயக் குண்டையே மிஞ்சுகிறது என்ற செய்தி மாறாது.

அந்தக் கூடுதல் நீளம் எங்கே போகும்? வெளியே நீட்ட முடியாது. 9 மி.மீ. லூகர் தோட்டாவின் மொத்த நீளம் 29.69 மி.மீ. ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால், பிஸ்டலுக்குத் தோட்டா ஊட்டும் பெட்டியான மேகசினுக்குள் நுழையாது. ஆகவே நீளம் உள்நோக்கித்தான் போகும். கூட்டின் முழுக் கொள்ளளவே ஒரு கன சென்டிமீட்டருக்குக் குறைவு. குண்டு ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே இறங்கினால், மருந்துக்கு எஞ்சும் இடத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு பறிபோகிறது. முன்பு சொன்ன சுழற்சியின்படி இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். இத்தோட்டாவுக்கு, தோட்டாக்களின் தரங்களை வகுக்கும் அமெரிக்காவின் சாமி (SAAMI) அமைப்பு வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. அந்த உச்சத்துக்குக் கீழே நிற்க வேண்டுமென்று கணக்கிட்ட மருந்து, வேறொரு குண்டின் கீழ் அதைத் தாண்டிவிடலாம்.

சுருங்கச் சொன்னால், 100 கிரெய்ன் ஈயக் குண்டுக்கு அச்சிட்ட அளவை 100 கிரெய்ன் நொறுங்கும் குண்டுக்கு எடுத்துப் போடக் கூடாது. எடை ஒன்றாக இருப்பது இங்கே எதையும் உறுதி செய்வதில்லை. அதே குண்டுக்கு, முடிந்தால் அதே தயாரிப்பாளரின் அதே மாதிரிக்கு வெளியான அளவு கிடைக்காவிட்டால், அந்தக் குண்டை வாங்காமல் விடுவதே நல்லது.

உதைப்பு குறைவதன் உண்மைக் காரணம்

மென்மையான லோடை நாடுவதன் நோக்கம் உதைப்பைக் குறைப்பது. சுட்டதும் பிஸ்டல் பின்னோக்கித் தள்ளுவதைத்தான் உதைப்பு என்கிறோம். அதை அளக்கும் அளவை உந்தம், அதாவது எடையையும் வேகத்தையும் பெருக்கி வரும் எண். குண்டு எவ்வளவு உந்தத்தோடு முன்னே போகிறதோ அவ்வளவு உந்தம் பிஸ்டலுக்குப் பின்னோக்கிக் கிடைக்கிறது. குண்டோடு வெளியேறும் வாயுவும் தன் பங்கைச் சேர்க்கும்.

124 கிரெய்ன் குண்டு, அதாவது 8 கிராம், நொடிக்கு 335 மீட்டர் வேகத்தில் போனால் அதன் உந்தம் சுமார் 2.7 அலகு. 6.5 கிராம் குண்டை 380 மீட்டர் வேகத்தில் அனுப்பினால் சுமார் 2.5 அலகு. உதைப்பு சற்றுக் குறைந்துவிட்டது. ஆனால் இயக்க ஆற்றலைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆற்றலில் வேகம் இரண்டு முறை பெருக்கப்படுவதால், கனமான குண்டின் ஆற்றல் சுமார் 450 ஜூல், இலேசான குண்டின் ஆற்றல் சுமார் 470 ஜூல். கையில் மென்மையாகத் தெரியும் தோட்டா, இலக்கில் வன்மையாக அடிக்கிறது. கையை உறுத்துவது உந்தம். மண்ணாங்கட்டியைப் பொடியாக்குவது ஆற்றல். இந்த வேறுபாடு பின்னர் நமக்குக் கைகொடுக்கும்.

போட்டியில் சுடுபவர்களுக்கு இங்கே ஒரு முரண் காத்திருக்கிறது. ஐபிஎஸ்சி போன்ற போட்டிகளில் தோட்டா மிகவும் மெலிந்துவிடாமலிருக்கப் பவர் ஃபேக்டர் என்ற கீழ்வரம்பு உண்டு. குண்டின் கிரெய்ன் எடையை, நொடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் வருவது அது. வலிமை குறைந்த தோட்டாக்களுக்கான மைனர் பிரிவுக்கு 125 தேவை. 147 கிரெய்ன் குண்டு நொடிக்கு 851 அடி வேகத்திலேயே அதை எட்டிவிடும். 100 கிரெய்ன் குண்டு 1,250 அடி வேகம் போக வேண்டும். உந்தம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவதற்குக் கூடுதல் மருந்து தேவைப்படுவதால் கூடுதல் வாயு, கூடுதல் சத்தம், கையில் வெடுக்கென்ற அடி. அனுபவமுள்ள போட்டியாளர் பலர் மென்மைக்காகக் கனமான குண்டையும் மெதுவான வேகத்தையும் தேர்ந்தெடுப்பது இதனால்தான். நொறுங்கும் குண்டில் அந்த வழி ஏறத்தாழ அடைபட்டுவிட்டது. கனமாகச் செய்ய இடமே இல்லை. எனவே கீழ்வரம்புள்ள போட்டிக்காக மென்மையைத் தேடுபவருக்கு நொறுங்கும் குண்டு சரியான கருவி அன்று என்பதே என் கருத்து. அண்மையில் வைத்த எஃகு இலக்கில் பயிற்சி செய்பவருக்கும், ஈயத்தைத் தவிர்க்க வேண்டிய உள்ளரங்கில் சுடுபவருக்கும் அது பொருந்தும்.

மேலே மட்டுமன்று, கீழேயும் எல்லை உண்டு

மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஆபத்து வரும் என்பது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குறைத்துக்கொண்டே போனாலும் வரும் என்பதுதான் பலருக்கு வியப்பாக இருக்கிறது. கீழ்ப்புறத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சில எல்லைகள் இருக்கின்றன.

முதலாவது பிஸ்டலின் இயக்கம். தானியங்கிப் பிஸ்டலில் மேற்புறம் நகரும் எஃகுப் பகுதியான ஸ்லைடு, உதைப்பின் வலிமையால்தான் பின்னே போய், சுட்ட கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. உதைப்பு போதாவிட்டால் ஸ்லைடு முழுத் தூரம் போகாது. கூடு வெளியேறும் வாயிலிலேயே நிமிர்ந்து சிக்கிக்கொள்ளும். ஸ்லைடை முன்னே திருப்பித் தள்ளும் சுருள்வில்லை இலேசானதாக மாற்றினால் இந்த எல்லை சற்றுக் கீழே இறங்கும். ரிவால்வருக்கு இந்தக் கவலை இல்லை. அதன் உருளையைச் சுழற்றுவது சுடுபவரின் விரல். இந்த எல்லையை மீறினால் எரிச்சல் மிஞ்சுமே தவிர, பெரும்பாலும் தீங்கு வராது.

இரண்டாவது நொறுங்கும் எல்லை. குண்டு எஃகில் பொடியாவதற்குக் குறைந்தபட்ச மோதல் வேகம் ஒன்று உண்டு; அது குண்டின் கலவையைப் பொறுத்தது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்கு குறைவதில்லை; 36 சதவீதம் குறைகிறது. இலக்கை எட்டும் முன் காற்றுத் தடையும் தன் பங்குக்கு வேகத்தைத் தின்னும். இலேசான குண்டு இதில் கனமானதைவிட விரைவாக இளைக்கும். ஒரு கட்டத்தில் குண்டு பொடியாவதற்குப் பதிலாக நாலைந்து பெரிய துண்டுகளாக உடைகிறது. செம்புத்தூளால் ஆன அந்தத் துண்டுகள் ஈயம்போலத் தட்டையாகி அடங்குவதில்லை, துள்ளும். மெல்லச் சுட்டால் அருகில் நின்று சுடலாம் என்று எண்ணியவர், குண்டு முழுமையாக நொறுங்காத வேகத்தில், தகட்டுக்கு மிக அருகில் நிற்கிறார். நொறுங்கும் குண்டைத் தேர்ந்தெடுத்ததன் நோக்கமே இங்கே தலைகீழாகிவிடுகிறது. குண்டு தயாரிப்பாளர் குறைந்தபட்ச வேகம் கொடுத்திருந்தால், அதைக் குழல்வாய் வேகமாகக் கருதாமல் இலக்கை அடையும்போது இருக்க வேண்டிய வேகமாகவே கொள்வது நல்லது.

மூன்றாவதுதான் மிகக் கொடியது. அழுத்தம் மிகவும் குறைந்தால் குண்டு குழலிலிருந்து வெளியே வராமல் நடுவிலேயே நின்றுவிடும். இதை ஸ்குயிப் என்பார்கள். குழலின் உட்புறத்தில் திருகுபோல் வெட்டப்பட்ட பள்ளங்கள் குண்டை இறுகப் பற்றிச் சுழற்றுகின்றன. மென்மையான ஈயம் இந்தப் பிடியில் எளிதாக வழுக்கும்; செம்பு சார்ந்த குண்டு அதைவிட அதிகம் உரசும். ஆகவே ஈயக் குண்டு தப்பித்து வெளியேறும் அழுத்தத்தில் நொறுங்கும் குண்டு சிக்கிக்கொள்ளலாம். சிக்கியது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிதுங்கும் அல்லது வெடிக்கும். சத்தம் மழுங்கியோ உதைப்பு வழக்கத்துக்கு மாறாக மெலிந்தோ தோன்றினால் அந்தக் கணமே நிறுத்தி, சிறிது நேரம் குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்திருந்து, தோட்டாக்களை நீக்கி, குழல் திறந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மென்மையான லோடில் எல்லாச் சூடும் மெலிந்தே ஒலிப்பதால் இந்த எச்சரிக்கை காதில் விழுவது கடினம் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இந்த மூன்றோடு மருந்தின் குணமும் வந்து சேர்கிறது. குறைந்த அழுத்தத்திலும் முழுமையாக எரிய வேண்டும் என்பதற்காக மென்மையான லோடுகளுக்கு விரைவாக எரியும் மருந்தைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். மெதுவாக எரியும் சில மருந்துகளைக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைக்கவே கூடாது என்று தயாரிப்பாளரே எழுதியிருப்பார். விரைவு மருந்தில் ஒரு சிக்கல்: சிறிதளவே போதும் என்பதால் அது கூட்டின் அடியில் ஒரு மூலையில் கிடக்கும். கவனக்குறைவால் ஒரே கூட்டில் இரண்டு முறை ஊற்றிவிட்டாலும் வழிந்து காட்டிக்கொடுக்காது. இலேசான தோட்டா என்று நினைத்துச் சுடுவது இருமடங்கு மருந்துள்ள தோட்டாவாக இருக்கும். எனவே ஒரே வேகத்தைத் தரும் இரண்டு மருந்துகள் கையேட்டில் இருந்தால், கூட்டின் பாதிக்கு மேல் நிரப்பும் பருமனான மருந்தை எடுப்பது அறிவுடைமை. இரண்டாம் முறை ஊற்றினால் அது பொங்கி வழியும்.

ஆகவே நம் கையில் இருப்பது ஒரு குறுகிய இடைவெளி. மேலே அழுத்த வரம்பு. கீழே இயக்கமும் நொறுங்குதலும் வெளியேறுதலும். லோடை உருவாக்குவது என்றால் இந்த இடைவெளிக்குள் துல்லியமாகச் சுடும் ஓரிடத்தைக் கண்டுபிடிப்பதே. கையேட்டில் தொடக்க அளவு என்று போட்டிருப்பது அந்த இடைவெளியின் அடித்தளம்; அதற்கும் கீழே போய்ப் பார்ப்பதில் யாருக்கும் லாபமில்லை.

நிரப்பும் மேசையில்

தூளால் ஆன குண்டு மேசையிலும் தன் குணத்தைக் காட்டும். குண்டைச் செருகுவதற்காகக் கூட்டின் வாயைச் சற்று விரிப்பார்கள். செருகிய பின் அந்த விரிவை மீண்டும் நேராக்குவார்கள். இந்த இரண்டாவது செயல்தான் கிரிம்ப். ஈயக் குண்டில் கிரிம்ப் சற்று இறுகினாலும் ஈயம் நெளிந்து இடம் கொடுக்கும். நொறுங்கும் குண்டு நெளியாது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். அந்த விரிசலோடு குழலுக்குள் நுழையும் குண்டு உள்ளேயே உடையலாம். துல்லியம் போவதோடு, ஒரு துண்டு குழலில் தங்கும் அபாயமும் உண்டு.

அதற்காகக் கிரிம்பை முழுவதும் தளர்த்திவிடவும் முடியாது. பிடி தளர்ந்தால், ஸ்லைடு தோட்டாவைக் குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் தள்ளும்போது மூக்கு இடிபட்டுக் குண்டு கூட்டுக்குள் பின்வாங்கும். பின்வாங்கினால் இடம் குறையும். இடம் குறைந்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்குச் சோதனை எளிது. நிரப்பிய ஒரு தோட்டாவின் நீளத்தைக் காலிப்பரால் அளந்து, மூக்கை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி, மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். நீளம் மாறவே கூடாது. பிறகு மருந்தும் பிரைமரும் இல்லாமல் செய்த மாதிரித் தோட்டா ஒன்றிலிருந்து குண்டைப் பிடித்து இழுத்து எடுத்து, கூட்டின் வாய் பட்ட இடத்தை விளக்கொளியில் சுற்றிப் பார்க்க வேண்டும். மெல்லிய மினுமினுப்பு வளையம் இருந்தால் சரி. விரல் நகத்தில் தட்டுப்படும் பள்ளமோ மயிரிழைக் கோடோ இருந்தால் கிரிம்ப் அதிகம். சுத்தியல்போல் தட்டிக் குண்டைக் கழற்றும் கருவி இதற்கு ஆகாது. அந்த அடியிலேயே குண்டு உடையக்கூடும். பிறகு விரிசல் யாரால் வந்தது என்று தெரியாது.

மருந்து ஊற்றிய கூடுகளைக் குண்டு செருகும் முன் ஒரே தட்டில் வரிசையாக நிறுத்தி, மேலிருந்து விளக்கடித்து எல்லாவற்றின் மட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது சலிப்பூட்டும் வேலை. ஆனால் வெறும் கூட்டையும் இருமடங்கு கூட்டையும் ஒரே பார்வையில் பிடித்துக்கொடுக்கும் வேலை வேறெதுவும் இல்லை.

சோதிக்கும் வரிசை

முதல் தொகுதியைத் தொடக்க அளவில் சில தோட்டாக்களாக மட்டும் நிரப்ப வேண்டும். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இல்லாமல் இந்த முயற்சியில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் கீழ் எல்லைகள் எல்லாமே வேகத்தின் எல்லைகள். முதற்கட்டத்தில் ஒரு தோட்டாவை மட்டும் மேகசினில் இட்டுச் சுட வேண்டும். கருவியில் வேகம் பதிவாகியும் காகிதத்தில் துளை விழுந்தும் இருந்தால் குண்டு வெளியேறிவிட்டது. ஸ்லைடு பின்னே போய்ப் பூட்டிக்கொண்டதா என்று பார்த்தால் இயக்கமும் தெரிந்துவிடும். இவ்விரண்டும் ஐயமின்றி நடந்த பிறகே மேகசினை நிரப்ப வேண்டும்.

அடுத்தது காகித இலக்கு. துளைகள் வட்டமாக இருக்கின்றனவா, ஓரிடத்தில் கூடி விழுகின்றனவா, சூட்டுக்குச் சூடு வேகம் எவ்வளவு ஊசலாடுகிறது என்பவற்றை இங்கே பார்க்கலாம். துளை ஒழுங்கற்றுக் கிழிந்திருந்தாலோ பக்கத்தில் சிறு துளைகள் தென்பட்டாலோ குண்டு குழலிலேயே உடைகிறது என்று பொருள். கிரிம்பைத் திரும்பப் பார்க்க வேண்டும். வேகம் பெரிதும் ஊசலாடினால், கூட்டுக்குள் மருந்து முன்னும் பின்னும் சரிவதும் காரணமாக இருக்கலாம். பிஸ்டலின் வாயை முதலில் தாழ்த்திப் பிறகு நிமிர்த்திச் சுட்டும், முதலில் உயர்த்திப் பிறகு தாழ்த்திச் சுட்டும் வேகங்களை ஒப்பிட்டால் இது வெளிப்பட்டுவிடும்.

எஃகு கடைசியில்தான் வரும். குழிகள் இல்லாத கெட்டித் தகட்டை மேற்புறம் முன்னே சாயுமாறு நிறுத்தி, ஈயக் குண்டுக்குத் தேவையான அதே தூரத்திலிருந்து சுட்டுத் தொடங்க வேண்டும். சுட்ட பின் தகட்டின் அடியிலுள்ள தரையைப் பார்ப்பது முக்கியம். முன்பே விரித்து வைத்த துணியில் நுண்ணிய தூள் மட்டும் படிந்திருந்தால் குண்டு தன் வேலையைச் செய்கிறது. பட்டாணி அளவுத் துண்டுகள் கிடந்தால் வேகம் போதவில்லை. மருந்தைக் கையேட்டின் வரம்புக்குள் ஒரு படி ஏற்ற வேண்டும், அல்லது அந்தக் குண்டு மென்மையான லோடுக்கு ஏற்றதன்று என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

வழக்கமாக எழும் இரண்டு கேள்விகள்

குண்டு வேகமாகப் போகிறதே, ஏன் குறிக்குக் கீழே படுகிறது என்று பலர் கேட்பார்கள். உதைப்பினால் பிஸ்டலின் வாய் மேலெழத் தொடங்குவது குண்டு இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே. கனமான, மெதுவான குண்டு குழலுக்குள் கூடுதல் நேரம் இருப்பதால் வாய் அதிகம் எழுந்த பின் வெளியேறுகிறது. இலேசான, விரைவான குண்டு அதற்கு முன்பே போய்விடுகிறது. பிஸ்டல் தூரத்தில் புவியீர்ப்பால் வரும் வேறுபாட்டைவிட இது பெரியது. கனமான குண்டுக்கு ஏற்ப அமைந்த நிலையான சைட் (குறிபார்க்கும் உறுப்பு) கொண்ட பிஸ்டலில் இது கண்ணுக்குத் தெரியும். சைட்டைத் திருகி மாற்ற முடிந்த இலக்குப் பிஸ்டலில் பின் சைட்டைச் சற்று உயர்த்தினால் முடிந்தது.

மற்றொன்று ஈயம் பற்றியது. குண்டில் ஈயம் இல்லை, ஆகவே உள்ளரங்கக் காற்றில் ஈயமே இருக்காது என்று நினைப்பது சரியன்று. வழக்கமான பிரைமரில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. ஒவ்வொரு சூட்டிலும் அது புகையாக வெளிவரும். ஈயமற்ற பிரைமர்கள் கிடைக்கின்றன. ஆனால் அவை மருந்தைப் பற்றவைக்கும் விதம் வேறு. மருந்து குறைவாக உள்ள கூட்டில் அந்த வேறுபாடு வேகத்திலும் அழுத்தத்திலும் தெரியக்கூடும். எனவே பிரைமரை மாற்றினால் பழைய குறிப்பேட்டை மூடிவிட்டுத் தொடக்க அளவிலிருந்து மறுபடியும் வர வேண்டும். புதிய தொகுதிக் குண்டுகள் வந்தாலும் ஒரு பத்தை எடுத்து எடையையும் நீளத்தையும் அளந்து, பழைய பெட்டியின் மேல் எழுதி வைத்த எண்களோடு ஒப்பிட்ட பிறகே நிரப்பத் தொடங்க வேண்டும்.